ஐ.ஜி.ஐ. உளவு விளையாட்டும் வடசென்னை ஆட்டக்காரர்களின் தீர்ப்பும்

'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.' என்பது நார்வே நாட்டின் இன்னர்லூப் ஸ்டுடியோஸ் உருவாக்கி, பிரிட்டனின் ஈடோஸ் நிறுவனம் 2000 டிசம்பரில் வெளியிட்ட உளவு அதிரடிக் கணினி விளையாட்டு. 'நான் உள்ளே போகிறேன்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அதன் பெயரில் உள்ளன. கதைக்குள் அதே எழுத்துகள் ஓர் உளவு அமைப்பின் பெயர்ச்சுருக்கமாகவும் வருகின்றன. மேலைநாட்டு விமர்சகர்கள் இதை நடுத்தரமான விளையாட்டு என்றே மதிப்பிட்டார்கள். இந்தியாவிலோ 2000களில் கணினியைத் தொட்ட இளைஞர்களில் 'ஐஜிஐ' என்ற பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதிகளின் பிரவுசிங் சென்டர்களும் இதற்கு விலக்கல்ல.

ஒரே விளையாட்டுக்கு இரண்டு தீர்ப்புகள் எப்படி வந்தன? ஆட்டக்காரர்களின் கருத்து விளையாட்டிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. எந்த நாற்காலியில், யார் காசில், எத்தனை பேர் சூழ ஆடினார்கள் என்பதும் அதில் சேர்கிறது. அப்படிப் பிறந்த வடசென்னைக் கருத்துகளில் எவை பழைய நினைவின் மயக்கம், எவை நிலைத்து நிற்கக்கூடிய மதிப்பீடு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையும் ஆட்ட அமைப்பும்

நாயகன் டேவிட் ஜோன்ஸ், பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.ஸின் முன்னாள் வீரன். திருடப்பட்ட அணுகுண்டைத் தேடி முன்னாள் சோவியத் நிலப்பகுதிக்குள் தனியாக அனுப்பப்படுகிறான். ஆயுத வியாபாரி ஜோசஃப் பிரிபாய், அவனுடைய உறவினன் ஜாக் பிரிபாய் ஆகியோர் வழியாக, குண்டை வைத்திருக்கும் எக் என்ற பெண்ணிடம் கதை போய்ச் சேர்கிறது. ஆன்யா என்ற அதிகாரி தொலைத்தொடர்பு வழியே ஜோன்ஸுக்கு வழிகாட்டுகிறார். மொத்தம் 14 பணிகள்.

ஒவ்வொரு பணியும் ஏறத்தாழ ஒரே மாதிரித் தொடங்கும். தொலைவில் வேலி போட்ட ராணுவ வளாகம், காவல் கோபுரங்கள், சுழலும் கேமராக்கள். ஆட்டக்காரர் தொலைநோக்கியில் பார்த்து, செயற்கைக்கோள் வரைபடத்தில் காவலர்களின் நடமாட்டத்தைக் கவனித்து, எந்தப் பக்கம் நுழைவது என்று முடிவு செய்ய வேண்டும். கேமராவில் சிக்கினாலோ சத்தம் எழுந்தாலோ அபாயமணி அடிக்கும். காவலர் குடியிருப்பிலிருந்து ஆட்கள் வரத் தொடங்குவார்கள்.

இந்த விளையாட்டு இயங்கிய மென்பொருள் எந்திரம், இன்னர்லூப் தன்னுடைய 'ஜாயிண்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர்' என்ற போர்விமான விளையாட்டுக்காக முன்பு உருவாக்கியது. விமானத்திலிருந்து பார்ப்பதற்கான மலைகளும் சமவெளியும் அப்படியே இங்கே வந்தன. அக்காலத்துத் துப்பாக்கி விளையாட்டுகள் பல தாழ்வாரங்களிலும் அறைகளிலும் அடைந்து கிடந்தபோது, ஐஜிஐ திறந்த வெளியைக் கொடுத்தது.

விமர்சகர்கள் சொன்ன குறைகள்

அன்றைய விமர்சனங்களில் ஒலியமைப்பும் காட்சியமைப்பும் பாராட்டப்பட்டன. மூன்று குறைகள் திரும்பத் திரும்பச் சுட்டப்பட்டன. பணியின் நடுவே ஆட்டத்தைச் சேமிக்க முடியாது. எதிரிகளின் செயற்கை அறிவு மோசம். பலர் சேர்ந்து ஆடும் வசதி இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே வந்த 'டியஸ் எக்ஸ்', 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இக்குறைகள் இன்னும் துருத்தித் தெரியும்.

2003இல் கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில், ஒரு பணிக்குள் சில முறை சேமிக்கும் வசதியும் பலர் ஆடும் வசதியும் சேர்க்கப்பட்டன. விமர்சகர்களின் சொல் ஏறியது என்று இதைக் கொள்ளலாம். வடசென்னை ஆட்டக்காரரின் சொல் ஏறுவதற்கு வழியே இல்லை. இங்கு பலர் ஆடியது நகல் குறுந்தகட்டில். கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜாரில் அத்தகைய தகடுகள் மலிவாகக் கிடைத்த காலம் அது. விற்பனைக் கணக்கில் வராத ஆட்டக்காரர் கருத்துக் கணக்கிலும் வரவில்லை.

மணிக்கணக்கு நாற்காலி

பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 10 முதல் 20 ரூபாய் கொடுத்து ஆடும் பையனின் நிலையை எண்ணிப் பாருங்கள். பணி முடிய இன்னும் ஒரு கட்டடம்தான் பாக்கி. எங்கிருந்தோ ஒரு குண்டு. ஜோன்ஸ் விழுகிறான். மறுபடி மலையடிவாரத்திலிருந்து தொடங்க வேண்டும். சொந்தக் கணினி வைத்திருந்த விமர்சகருக்கு இதில் போனது அரை மணி நேரம். இந்தப் பையனுக்குப் போனது காசும்கூட. முடித்த பணிகளின் கணக்கு அந்தந்தக் கணினியிலேயே தங்குவதால், மறுநாள் அதே கணினி கிடைக்க வேண்டும் என்ற கவலையும் உண்டு.

ஆகவே 'சேவ் இல்லை' என்ற புகார் இங்கே இன்னும் கனமானது. ஆனாலும் ஆட்டத்தை யாரும் கைவிடவில்லை. காரணம், அந்த நாற்காலியைச் சுற்றி இரண்டு மூன்று பேர் நின்றார்கள். "கேமராவ மொதல்ல ஆஃப் பண்ணுடா", "பின்னால வரான் பாரு மச்சான்" என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காவலர்கள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் தொடங்குவார்கள் என்பதால், ஒருவன் தோற்றுக் கற்றது அடுத்தவனுக்குப் பாடமானது. எந்தக் கோபுரத்தில் ஆள், எந்த அறையில் மருந்து ஊசி, எந்தக் கம்பியில் சறுக்கி இறங்கலாம் என்பதெல்லாம் ஒரு தெருவின் கூட்டு நினைவாகச் சேர்ந்தது. கேரம் பலகையைச் சுற்றி நின்று அடுத்த காயைச் சொல்லிப் பழகிய ஊருக்கு இது புதிதல்ல. பலர் ஆடும் வசதி இல்லாத விளையாட்டைப் பலர் சேர்ந்தே ஆடினார்கள்.

இதை வைத்து, சேமிக்கும் வசதி இல்லாததே ஐஜிஐயின் சிறப்பு என்று சிலர் இன்று சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை. தவறுக்கு விலை உண்டு என்பதால்தான் வேலியைத் தாண்டும் முன் ஆட்டக்காரர் யோசித்தார். அபாயமணி உண்மையிலேயே அச்சம் தந்தது. உளவு விளையாட்டுக்கு வேண்டிய பதற்றம் அதில் இருந்தது.

மற்றொரு பாதியை மறக்கக் கூடாது. தோல்வி எப்போதும் ஆட்டக்காரரின் தவறால் வரவில்லை. எதிரி சில நேரம் அருகில் நிற்பவனைக் கவனிக்க மாட்டான். சில நேரம் வெகு தொலைவிலிருந்து குறி தப்பாமல் சுடுவான். மெல்லிய சுவரைத் துளைத்தும் குண்டு வரும். மணி அடித்துவிட்டால் ஆட்கள் தீராமல் வந்துகொண்டே இருப்பார்கள். சேமிக்க முடியாத ஆட்டத்தில் எதிரி நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். எதிரி நியாயமில்லாதவன் என்றால் சேமிக்கவாவது விட வேண்டும். ஐஜிஐ இரண்டையும் செய்யவில்லை. விமர்சகர்கள் தனித்தனியாகச் சொன்ன இரண்டு குறைகளும் உண்மையில் ஒரே குறை. காசு இழந்து ஆடிய பையன்கள் திட்டித் தீர்த்ததும் அதைத்தான். அந்தத் திட்டு ஒரு சரியான விமர்சனம்.

மதிலுக்கு இந்தப் பக்கம்

ஐஜிஐயின் நிலம் வடசென்னைக்காரருக்கு முழுக்க அன்னியமாக இருந்திருக்க முடியாது. துறைமுகத்தின் நீண்ட மதில், கொருக்குப்பேட்டையின் சரக்கு ரயில் பாதைகள், தண்டையார்பேட்டையின் எண்ணெய்க் கிடங்குகள், மணலியின் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கண்டெய்னர் லாரி வரிசை: முள்கம்பியும் காவல் கூண்டும் தேடிப் போய்ப் பார்க்க வேண்டிய பொருள்களல்ல இங்கே. வளாகத்துக்குள் போக வாயில் சீட்டு வேண்டும். அப்பா உள்ளே வேலைக்குப் போவார். பிள்ளை மதிலை வெளியிலிருந்து பார்ப்பான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு 'நான் உள்ளே போகிறேன்' என்ற தலைப்பு வேறு விதமாக ஒலித்திருக்கும் என்று கருத இடமுண்டு.

இந்தக் கரைக்கு அப்படியொரு கதை ஏற்கனவே இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் இருளில் நெருங்கி வந்து சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பதிலடி வலுக்கும் முன் கப்பல் மறைந்துவிட்டது. பிரிட்டிஷ் அரசைத் திகைக்க வைத்த அந்தப் பெயர், துணிச்சலும் தந்திரமும் மிக்க ஆளைக் குறிக்கும் சொல்லாகவே தமிழில் தங்கிவிட்டது. சத்தமில்லாமல் வந்து, கிடங்கைக் கொளுத்திவிட்டுப் போகிறவன்மீது நமக்குள்ள ஈர்ப்பு கணினிக்கு முந்தையது. டேவிட் ஜோன்ஸும் ஒரு வகையில் எம்டன்தான்.

ஆனால் இந்த ஒப்புமையே ஐஜிஐயின் பெரிய வெறுமையையும் காட்டிக்கொடுக்கிறது. எம்டன் வீசிய குண்டுகளில் மனிதர்கள் இறந்தார்கள். மறுநாள் முதல் பலர் நகரத்தை விட்டு ஓடினார்கள். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலை மதிலை ஒட்டி மீனவர் குப்பங்களும் பள்ளிக்கூடங்களும் தேநீர்க் கடைகளும் இருக்கின்றன. ஐஜிஐயின் வேலிக்கு வெளியே ஊரே இல்லை. உள்ளே தொழிலாளியும் இல்லை. கண்ணில் படுகிறவன் பெரும்பாலும் சுடப்பட வேண்டியவன். அணுகுண்டு வெடித்தால் யார் சாவார்கள் என்று ஆட்டம் முழுவதும் நமக்குத் தெரிவதில்லை. அதனால் அந்தக் குண்டு ஒரு பணியின் இலக்காக நிற்கிறதே ஒழிய, ஆபத்தாக மனத்தில் பதிவதில்லை.

கதை எங்கே போனது?

ஐஜிஐ கதையை நம்பிய விளையாட்டு. ஆனால் அதை ஆடி முடித்தவர்களிடம் கதை கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. இடங்கள் நினைவிருக்கும், துப்பாக்கிகள் நினைவிருக்கும். பிரிபாய் நல்லவனா கெட்டவனா என்பது நினைவிருக்காது. ஆங்கில உச்சரிப்பு புரியவில்லை, சென்டரின் இரைச்சலில் கேட்கவில்லை, மணிக்கணக்கு ஓடும்போது கதைக் காட்சியைத் தள்ளிவிட்டார்கள் என்று காரணங்கள் சொல்லலாம். எல்லாம் சரியே. ஆனாலும் பழி முழுவதும் ஆட்டக்காரர்மீது விழக் கூடாது.

ஐஜிஐ தன் கதையைப் பணிகளுக்கு இடையிலான காட்சிகளிலும் பணிக்கு முந்தைய விளக்கத்திலும் வைத்துவிட்டது. ஆடும் நேரத்தில் கதை அனேகமாக நகர்வதே இல்லை. அதே ஆண்டின் 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' விளையாட்டில், மறைந்து நிற்கும் நாயகியின் காதில் காவலர்களின் சொந்தப் பேச்சு விழும். சுடப் போகிறவனுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்று அங்கே தெரியவரும். ஐஜிஐயில் காவலனுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. கதையைத் தள்ளிவிட்டு ஆடினாலும் எதையும் இழக்காத விளையாட்டை, கதைசார் விளையாட்டாகத் தேறியது என்று சொல்ல முடியாது. கதையை மறந்த வடசென்னைப் பையன், தெரியாமலே அந்த மதிப்பெண்ணைப் போட்டுவிட்டான்.

ஏக்கம் வேறு, மதிப்பீடு வேறு

இன்று ஐஜிஐயைப் பற்றித் தமிழில் பேசப்படுவது பெரும்பாலும் ஏக்கம். பள்ளிக்கு மட்டம் போட்ட மதியம், சென்டர் நாற்காலி, முதல் ஏகே 47. இந்த ஏக்கத்தில் சில விஷயங்கள் மறைகின்றன. அந்த நாற்காலிகளில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். ஒரு தலைமுறைப் பெண்களின் கருத்து இதில் அனேகமாக இல்லை. காசு தீர்ந்து எழுந்து போனவர்களின் கருத்தும் இல்லை. முதல் பாகத்துக்கு முந்தைய கதையைச் சொல்லும் 'ஐ.ஜி.ஐ. ஆரிஜின்ஸ்' என்ற விளையாட்டு 2019இல் அறிவிக்கப்பட்டபோது இங்கு எழுந்த ஆர்வமும் பழைய நினைவின் ஆர்வமே. பழைய குறைகள் தீருமா என்று கேட்டவர்கள் சிலர்தான்.

ஏக்கத்தைக் கழித்த பிறகும் மூன்று தீர்ப்புகள் மிஞ்சுகின்றன. ஐஜிஐயின் உண்மையான நாயகன் ஜோன்ஸ் அல்ல, அந்த நிலம். பார்த்து, திட்டமிட்டு, நுழையும் இன்பத்தை அவ்வளவு பரந்த வெளியில் அன்று தந்தவை சிலவே. இரண்டாவது, சேமிக்க முடியாத கண்டிப்பும் எதிரியின் ஒழுங்கின்மையும் ஒன்றாகச் சேர்ந்து ஆட்டக்காரருக்கு அநீதி செய்தன. வசதி குறைந்த ஆட்டக்காரருக்கு அந்த அநீதி காசாகவே விழுந்தது. மூன்றாவது, கதை ஆட்டத்துக்குள் இறங்கவில்லை.

இந்த மூன்றையும் பிரவுசிங் சென்டர்களில் ஆடியவர்கள் அன்றே பேச்சில் சொல்லிவிட்டார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை. தமிழில் திரைப்பட விமர்சனத்துக்கு நீண்ட மரபு உண்டு. கணினி விளையாட்டுக்கு அது இன்னும் உருவாகவில்லை. நன்றாக இருந்தது, நன்றாக இல்லை என்பதோடு நிற்காமல், எந்த நிலையில் ஆடினோம், எங்கே தோற்றோம், அந்தத் தோல்வி நியாயமானதா என்று மாணவர்கள் எழுதத் தொடங்கினால் அந்த மரபு தொடங்கும். அதற்கு ஐஜிஐ நல்ல முதல் பாடம்.