புறாத்தீவின் கோமாளி மீன்

நிலாவெளியிலிருந்து படகில் சுமார் 1 கிலோமீற்றர் போனால் புறாத்தீவு. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவான இடம். பலரும் சுறா பார்க்க வருகிறார்கள். என் கண் போவதோ கடற்சாமந்தியின் கொட்டும் விரல்களுக்குள் குடியிருக்கும் கோமாளி மீனிடம்.

அந்தக் கூட்டத்தில் பெரியது பெண்; அவள்தான் தலைவி. அடுத்த பெரியது ஆண். மற்றவை இனம்பெருக்காத சிறுசுகள். தலைவி இறந்துபோனால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும்! அதன் இடத்துக்குச் சிறுசுகளில் பெரியது ஏறும்.

இதற்காக உடலுக்குள் ஒரு மரபணுகூடப் புதிதாக வருவதில்லை. எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மாறுகிறது. வேலை செய்யும் மரபணுக்களின் நகலான ஆர்என்ஏவைத் திசுவிலிருந்து பிரித்தெடுத்து வாசித்தால் அந்தக் கோலம் தெரியும். செங்கடல் கோமாளி மீன்களில் இப்படி வாசித்த முடிவுகள் 2016இல் வெளிவந்தன: மூளை விரைவாகவே மாறத் தொடங்குகிறது. ஆண் ஹோர்மோனை ஈஸ்ட்ரஜனாக்கும் அரோமட்டேஸ் நொதிக்கான மரபணுவும், சூலகத்தை வளர்க்கும் ஃபொக்ஸ்எல்2 மரபணுவும் இந்த மாற்றத்தின் முக்கியப் புள்ளிகள். விரையைக் காக்கும் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன.

தாவரத்திலும் இதே கதைதான். ஒரே கண்டல் மரத்தின் வேருக்கும் இலைக்கும் மரபணுத் தொகுதி ஒன்றே; வேலை செய்யும் மரபணுக்கள்தான் வேறு. ஆனாலும் ஒரு மரணம் கண்டதும் உயிரணுக்களின் வேலையே திருத்தி எழுதப்படும் இந்த மீன்தான் எனக்குப் பேரழகு.