தார்ச்சாலையில் காயும் நெல்: தஞ்சையிலும் கிளிநொச்சியிலும்

குறுவை அறுவடை நடக்கும் புரட்டாசி, ஐப்பசியில் ஒரத்தநாடு, அம்மாபேட்டை, பாபநாசம் பக்கம் போகிறவர்களுக்குச் சாலையில் பாதிதான் கிடைக்கும். மறுபாதியில் நெல் காயும். நெல்லின் மேல் வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கருங்கல்லும் மரக்கிளையும் வைத்திருப்பார்கள். மாசி, பங்குனியில் இலங்கையின் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீதிகளில் மழைக்காலப் பயிரான காலபோக நெல் இதேபோல் பரந்து கிடக்கும். இரு நாடுகளிலும் வண்டிகள் இடப்பக்கம்தான் ஓட வேண்டும். அந்தப் பக்கம் நெல் கிடந்தால், எதிரே வருகிறவனின் பாதையில் ஏறித்தான் கடக்க முடியும். விபத்து நடந்தால் ஓட்டியவனின் அவசரம் என்பார் ஒருவர், நெல் கொட்டியவனின் அலட்சியம் என்பார் இன்னொருவர். இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டுமே முழுக் காரணமல்ல என்று தெரியும்.

தஞ்சை இருக்கும் காவிரி டெல்டாவில் நெல்லைச் சாலைக்குத் துரத்துவது மழை. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் தொடங்கும். கையால் அறுத்த காலத்தில் அரிகள் வயலிலேயே ஓரளவு காய்ந்து, பிறகு களத்துக்கு வந்தன. இன்று இயந்திரம் அறுத்த கையோடு ஈர நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. அரசின் நேரடி கொள்முதல் நிலையமோ ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்காது. மழை பெய்யும் ஆண்டுகளில் வரம்பை 22 சதவீதமாக்கச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். தளர்வு வருவதற்குள் நிலைய வாசலில் குவித்த நெல் முளைவிடத் தொடங்கும். அதனால் வெயில் தலைகாட்டிய ஒரு மணி நேரத்தையும் வீணாக்காமல் தார்ச்சாலைக்கு ஓடுகிறார்கள். சீக்கிரம் சூடேறும், தண்ணீர் தேங்காது, சேறு ஒட்டாது. ஊரிலேயே நல்ல களம் அதுதான்.

கிளிநொச்சியில் நெல்லைத் துரத்துவது விலை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் காலபோக நெல், பெரும்பாலும் மழை ஓய்ந்த பிறகே அறுவடையாகிறது. 1971-இல் தொடங்கிய அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபையில் முழு விலை கிடைக்க ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டெல்டாவைவிடக் கடுமையான வரம்பு. ஆனால் சபை வாங்குவது விளைச்சலில் சிறு பங்குதான். மிச்சத்துக்குத் தனியார் வியாபாரிகளும் ஆலைக்காரரும் இருக்கிறார்கள். வயல் வரம்புக்கே லொறி வரும், கிலோவுக்கு விலை குறைத்து ஈர நெல்லை ஏற்றிப் போகும். கடன் நெருக்குகிறவர் அப்படியே கொடுத்துவிடுவார். நல்ல விலைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வைத்துக்கொள்ள நினைப்பவரே வீதியில் பரப்புகிறார்.

காரணம் வேறானாலும் ஆபத்து ஒன்றே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. தடையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகுமென்றால் 25 மீட்டர் போயிருக்கும். உள்ளூர்க்காரர் நெல் கிடக்கும் இடம் தெரிந்து ஒதுங்குவார். வெளியூர்க்காரர் சட்டென்று பிரேக் போடுவார், பின்னால் வருபவர் மோதுவார். பகலைவிட இரவு மோசம்: கறுப்புப் படுதா மூடிய நெல்குவியலும், நெல்லை அள்ளிய பிறகு எடுக்காமல் விட்ட கல்லும் விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும். இதில் முதலில் விழுவது இருசக்கர வண்டி. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் அவற்றில் போனவர்கள். அந்த ஆண்டு 64,105 விபத்துகளோடு எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்.

இந்திய மத்திய அரசின் வருடாந்தரச் சாலை விபத்து அறிக்கையில் விதிமீறல்களுக்கு அதிவேகம், குடிபோதை, எதிர்த்திசை, சிவப்பு விளக்கு, கைபேசி என்று தலைப்புகள் உண்டு, நெல்லுக்கு இல்லை. கல்லுக்கு ஒதுங்கிப் பேருந்தில் மோதியவர் ‘அதிவேகம்’ என்ற கணக்கில் போய்விடலாம். பொதுவழியை மறிப்பதற்கு இந்திய தண்டனைச் சட்டம் 283-ஆம் பிரிவில் 200 ரூபாயாக இருந்த அபராத வரம்பை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவு 5,000 ரூபாயாக்கியது. அபராதம் ஏறியதால் நெல் காய்ந்துவிடாது. மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அந்தத் தவறு உயிரை வாங்காதபடி ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதே ஸ்வீடன் 1997-இல் ஏற்ற ‘விஷன் சீரோ’ கொள்கையின் அடிப்படை. நம் சாலைகளில் அந்த ஏற்பாடு, சாலைக்கு வெளியே தொடங்க வேண்டியிருக்கிறது.

டெல்டாவுக்கு வேண்டியது கொள்முதல் நிலையத்தின் பக்கத்திலேயே கூரையுள்ள உலர்களமும் உலர்த்தும் இயந்திரமும். ஈரப்பதத் தளர்வையும் நெல் முளைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கிளிநொச்சிக்கு வேண்டியது அறுவடைக்கு முன்பே திறக்கும் களஞ்சியமும், சிறு விவசாயி காத்திருக்க உதவும் கடனும். அதுவரை கல் வைக்காதே, வளைவிலும் பாலத்து வாயிலும் பரப்பாதே, பொழுது சாயுமுன் அள்ளிவிடு என்ற மூன்றையும் இங்கே ஊராட்சியும் அங்கே கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பும் சொன்னால் காவல்துறை சொல்வதைவிட எடுபடும். தஞ்சை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு கூடும்போது போலீசும் நெடுஞ்சாலைத் துறையும் மட்டும் பேசினால் போதாது. கொள்முதல் நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழக அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும். கிளிநொச்சியில் நெல் சந்தைப்படுத்தும் சபைக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. நெல்லை வீதிக்கு அனுப்பும் முடிவுகள் அவர்களுடைய அலுவலகங்களில்தான் எடுக்கப்படுகின்றன.