‘டூயல்’ படத்தில் அச்சமும் அதன் நிலைக்களனும்

திரைப்படக் கலையில் துரத்தற் காட்சி மிகப் பழமையானது. ஊமைப்படக் காலந்தொட்டே மக்கள் உள்ளத்தைக் கவர்ந்து வருவது. ஆயினும் திறனாய்வாளர் அதனைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. வேகமும் ஓசையும் கண்ணுக்கு விருந்தாவனவேயன்றிக் கருத்துக்கு விருந்தாகா என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு எல்லாப் படங்கட்கும் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது. தொடக்கமுதல் இறுதிவரை ஒரே துரத்தலாக அமைந்த ‘டூயல்’ என்னும் அமெரிக்கப் படத்தில் அச்சச் சுவை எவ்வாறு பிறக்கின்றது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரிச்சர்டு மாதிசன் எழுதிய சிறுகதை 1971ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அதற்கு அவரே திரைவடிவம் தந்தார். அப்போது 24 வயதினரான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் படத்தை இயக்கினார். ஏபிசி தொலைக்காட்சியில் 1971 நவம்பர் 13ஆம் நாள் அது ஒளிபரப்பாயிற்று. கலிபோர்னியாவின் வறண்ட மலைச்சாலைகளில், இரண்டு வாரத்திற்கும் குறைந்த காலத்தில், ஏறத்தாழ 4,50,000 டாலர் செலவில் எடுக்கப்பட்டது என்பர். முதற்கண் 74 நிமிடம் ஓடிய படம், பின்னர் ஐரோப்பியத் திரையரங்குகட்கென 90 நிமிடமாக விரிக்கப்பட்டது.

கதை மிகச் சிறிது. டேவிட் மான் என்பான் அலுவல் கருதித் தன் சிவப்புக் காரில் தனியே செல்கின்றான். வழியில் புகை கக்கிச் செல்லும் பழைய எண்ணெய் லாரி ஒன்றை முந்துகின்றான். அவ்வளவே அவன் செய்தது. அதுமுதல் அந்த லாரி அவனைக் கொல்லும் கருத்தோடு தொடர்கின்றது. காரணம் இறுதிவரை கூறப்படவில்லை. ஓட்டுநனின் கையும் காலணியுமே நமக்குக் காட்டப்படுகின்றன. முகம் தெளிவாகக் காட்டப்படுவதில்லை. ‘டூயல்’ என்பது இருவர் தம்முள் உடன்பட்டுப் பொருதலைக் குறிக்கும் சொல். ஈண்டு உடன்பாடும் இல்லை. பகைவன் யார் என்னும் அறிவும் இல்லை. தலைப்பே ஒரு முரணாக நிற்கின்றது.

பொருட்சுருக்கமே இப்படத்தின் சிறப்புக்குக் காரணம் என்பாரும் உளர். அக்கூற்று ஒரு பாதியே உண்மை. நடிகர் தொகை குறைந்தமைக்கும் இடங்கள் சுருங்கியமைக்கும் பொருட்சுருக்கம் காரணமாகலாம். ஆனால் ஒரு முகத்தைக் காட்டுதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை; பகைக்கு ஒரு காரணம் கூறுதற்கும் ஆவதில்லை. இவ்விரண்டையும் மறைத்தமை வறுமையின் விளைவன்று; கலைஞர் தம் தெரிவு. இப்படத்தின் உயிர் அத்தெரிவிலேயே உள்ளது.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். வேற்று நாட்டுப் புதுக்கலைக்கு இவ்வகுப்பு முழுதும் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆயினும் இப்படத்தை விளக்க அது பெரிதும் துணை செய்கின்றது. லாரியின் முன்விளக்குகள் கண்களாகவும் பொறியின் ஓசை உறுமலாகவும் தோன்றுகின்றன. பள்ளத்தில் அது வீழும்போது விலங்கின் அலறலே கேட்கின்றது. இது விலங்கு. முந்திச் சென்று வழியில் காத்து நிற்றலும், முகப்பிலுள்ள பல மாநிலங்களின் எண்பலகைகள் முன்னும் பலர் இதற்கு இரையாயினரோ என்னும் ஐயத்தை எழுப்புதலும் ஆறலை கள்வரை ஒத்தன. உரு அறியப்படாமை அணங்கின் இயல்பு.

எஞ்சியது இறை. தவறு செய்தவன் ஒறுப்பாரை அஞ்சுதல் உலகியல். அவ்வச்சத்திற்கு ஓர் அளவு உண்டு, தவறு இன்னது என்பது தெரிதலின். மானோ தன் தவறு யாதெனத் தேடித் தேடிக் காணாது நிற்கின்றான். குற்றம் இல்லை, ஒறுப்பு உண்டு. ஆகவே அவன் அச்சத்திற்கு எல்லையும் இல்லை. முதல் மூன்றும் படத்திற்கு வேகம் தருவன. இந்நான்காவதே ஆழம் தருவது.

இதனை நன்கு உணர்த்துவது சிற்றுண்டிச் சாலைக் காட்சி. மான் கைகழுவி மீளும்போது லாரி வெளியே நிற்கக் காண்கின்றான். உண்போருள் ஓட்டுநன் யார்? ஒவ்வொருவர் காலணியையும் உற்று நோக்குகின்றான். ஒருவனைத் தவறாகக் குற்றஞ்சாட்டி அடியும் படுகின்றான். இங்கே ஓட்டமில்லை, சக்கரம் சுழலவில்லை. எனினும் படத்தில் அச்சம் மிக்க பகுதிகளுள் இதுவும் ஒன்று. அச்சம் வேகத்தால் மட்டும் பிறப்பதன்று, அறியாமையால் பிறப்பது என்பதற்கு இக்காட்சியே சான்று. அச்சத்தோடு இளிவரலும் ஈண்டுக் கலத்தல் காண்க.

பின்னர்ச் சேர்த்த காட்சிகளை இவ்வளவுகோலால் மதிப்பிடலாம். பழுதுற்று நின்ற பள்ளிப் பேருந்தை அந்த லாரியே தள்ளி உதவுகின்றது. பிறர்க்கு நல்லது, தனக்கே கொடியது என்று அறிதல் மானின் தனிமையை மிகுவிக்கின்றது. மறைபொருள் மேலும் இருள்கின்றது. இச்சேர்க்கை தகும். மனைவியோடு தொலைபேசியில் உரையாடும் காட்சி அன்னதன்று. மனைவியிடம் தகாது நடந்தவனைத் தட்டிக் கேளாத மென்மையன் அவன் என்பதை அது விளக்குகின்றது. அதனால் துரத்தல் அவன் ஆண்மைக்கு வந்த சோதனையாகச் சுருங்குகின்றது. காரணமற்ற இடத்தில் காரணம் நுழைய அச்சம் தளர்கின்றது. கண் கண்டதையே மீண்டும் கூறும் மானின் மனக்குரலும் அத்தகைய குறையே.

முடிவு இக்குறைகளை மறக்கச் செய்வது. மான் தன் கைப்பெட்டியை வேகமிதியில் ஊன்றி, காரை லாரிக்கு எதிரே விட்டுக் குதிக்கின்றான். இரண்டும் பள்ளத்தில் வீழ்கின்றன. எண்ணெய் லாரி எனினும் பெருவெடிப்பு இல்லை. மெல்ல மெல்ல அழிகின்றது. துள்ளி மகிழ்ந்த மான் பின்னர்ச் செயலற்று அமர்ந்து, சாயும் ஞாயிற்றின் ஒளியில் பள்ளத்துள் கற்களை எறிகின்றான். உவகை தோன்றி மறைகின்றது. பெருமிதம் தோன்றவே இல்லை. பகைவனை வென்றான், பகையின் காரணத்தை அறிந்தானல்லன். அக்கேள்வியோடு நம்மையும் விட்டுச் செல்லுதலின், இப்படம் கண்ணளவில் நின்றுவிடாது கருத்தளவிலும் செல்லும் தகுதியுடையது என்பது பெறப்படும்.