சுண்ணாம்பைத் தேடும் நேரம்

தேனீ கொட்டிவிட்டால் நம் வீடுகளில் பெரியவர்கள் முதலில் தேடுவது சுண்ணாம்பை. வெற்றிலைப் பழக்கம் இல்லாத வீட்டில் மஞ்சளோ சின்ன வெங்காயமோ விபூதியோ பற்பசையோ வரும். தோட்டத்தில் நிற்பவருக்கு ஈரமண். சாவியோ அரிவாளோ கைக்கு எட்டினால் இரும்பால் தேய்ப்பதும் உண்டு. இவற்றை எடைபோட, எது எதைக் குணமாக்கும் என்பதைவிட, கொட்டியபின் ஓடும் நிமிடங்களை எது எப்படிச் செலவழிக்கிறது என்று பார்ப்பதுதான் பயன் தரும் என்பது என் எண்ணம்.

தேனீயின் கொடுக்கில் தூண்டில் முள்ளைப் போலப் பின்னோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன. அதனால் கொடுக்கு நஞ்சுப் பையோடு பிய்ந்து நம் தோலிலேயே தங்கிவிடும். தேனீ போனபிறகும் அந்தப் பை தானாகவே சுருங்கிச் சுருங்கி நஞ்சை உள்ளே தள்ளும். பெரும்பகுதி 20 விநாடிக்குள் இறங்கிவிடும். ஒரு நிமிடத்தில் பை ஏறக்குறைய காலி. கிள்ளி எடுத்தால் பை நசுங்கும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று முதலுதவிப் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. விஷர், வெட்டர், கமாசின் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1996-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். எப்படி எடுத்தாலும் வீக்கத்தில் வேறுபாடில்லை. தாமதித்தால்தான் வீக்கம் கூடுகிறது. ஆகவே சுண்ணாம்பு டப்பாவைத் தேடி உள்ளே ஓடும் நேரத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கில் இரும்பால் தேய்ப்பவருக்குக் கொஞ்சம் மதிப்பெண் கொடுக்கலாம்: தேய்க்கிற வேகத்தில் கொடுக்கும் சேர்ந்து வந்துவிட வாய்ப்பிருக்கிறது. அதற்கும் நகமே போதும்.

சுண்ணாம்புக்குச் சொல்லப்படும் காரணம், நஞ்சு அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் நஞ்சு முறிந்துவிடும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வலிக்குக் காரணம் அமிலம் அல்ல. உலர்ந்த நஞ்சின் எடையில் ஏறத்தாழ பாதி மெலிட்டின் என்ற புரதப் பொருள். செல்களின் சவ்வைக் கிழிப்பது அது. கூடவே பாஸ்போலிப்பேஸ், ஹயலூரோனிடேஸ் போன்ற நொதிகளும் உள்ளன. தோலுக்கு அடியில் பரவிவிட்ட இவற்றை மேலே பூசிய சுண்ணாம்பு எட்டவே எட்டாது. அது எட்டுவது தோலைத்தான். குழந்தையின் மெல்லிய தோலைப் புண்ணாக்கும். இமையருகே கொட்டிய இடத்தில் தடவும்போது கண்ணுக்குள் போனால் கருவிழி வெந்து பார்வையே போகலாம். வலியைக் குறைக்கப் போய்க் கண்ணைப் பணயம் வைப்பதை எந்த மரபின் பேராலும் ஏற்க முடியாது. ஈரமண்ணும் சாணமும் காயத்துக்குள் டெட்டனஸ் கிருமியைக் கொண்டுசேர்க்கும். மண்ணெண்ணெய் தோலை எரிக்கும்.

பிறகு ஏன் இத்தனை தலைமுறையாக இவை ‘கேட்டிருக்கின்றன’? கொட்டியதும் எழும் கடுமையான எரிச்சல் எதுவும் செய்யாவிட்டாலும் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்த நேரத்தில் தோலின்மேல் எது இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. குளிர்ச்சிக்கும் பங்குண்டு. ஈரமண்ணும் பற்பசையும் தருவது அதைத்தான். துணியில் சுற்றிய ஐஸ் கட்டி அதையே இன்னும் நன்றாக, ஆபத்தில்லாமல் தரும். அதற்குமுன் சோப்புப் போட்டுக் கழுவுவது நல்லது. கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாசம்போல ஒரு எச்சரிக்கை மணம் ஒட்டியிருக்கும். அது மற்றத் தேனீக்களை அதே இடத்துக்கு இழுக்கும். தேனீ வளர்ப்பவர்கள் கொட்டிய இடத்தில் புகை காட்டுவது இந்த மணத்தை மறைக்கத்தான். வழிவழி வந்த அறிவு எங்கே கூர்மையாக இருக்கிறது என்பதற்கு இதையே சான்றாகச் சொல்வேன்.

வீட்டு வைத்தியத்தின் உண்மையான பலம் ஒன்றிருக்கிறது. கொட்டுப்பட்டவரை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார். அது அரிய பலம். ஆனால் அவருடைய கண் வீங்கிய இடத்திலேயே நின்றுவிடுவதுதான் என் குறை. சிலருக்கு ஒரே கொட்டு உடல் முழுவதும் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். கொட்டாத இடங்களிலும் தடிப்பு, முகத்திலும் உதட்டிலும் வீக்கம், குரல் கம்முதல், மூச்சுத்திணறல், வாந்தி, தலைசுற்றல் எல்லாம் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தெரியும். முன்பு பலமுறை கொட்டு வாங்கி ஒன்றும் ஆகாதவருக்கும் இது வரலாம். அப்போது உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி மட்டுமே. ‘சுண்ணாம்பு போட்டாச்சு, சரியாப் போயிடும்’ என்ற நிம்மதி அந்த ஊசியைத் தள்ளிப்போட்டுவிடுகிறது.

மலைத்தேனீக் கூடு கலைந்து கூட்டமாகக் கொட்டினால் கணக்கு வேறு. ஒவ்வாமையே இல்லாதவருக்கும் நஞ்சின் அளவே தசைகளைச் சிதைத்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். அதன் அறிகுறிகள் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வெளிப்படலாம். அவரையும், வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டுப்பட்டவரையும் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.