பொங்கக்கட்டியும் பிடிமண்ணும்: பொருநைக்கரையின் நிலக்கலை

மார்கழி பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் பொங்கக்கட்டி போடும் வேலை தொடங்கும். செம்மண்ணையோ குளத்துக் களிமண்ணையோ மணல் சேர்த்து மிதித்துக் குழைப்பார்கள். பழைய வாளியில் அடைத்துக் கவிழ்த்தோ, வெறுங்கையால் பிடித்தோ, அடி அகன்று தலை குறுகிய மூன்று கட்டிகள் செய்வார்கள். வெயிலில் காய்ந்தபின் சுண்ணாம்பு பூசி, காவிப் பட்டை இழுப்பார்கள். தைப்பொங்கல் விடியலில் அவை மூன்றும் வாசலில் அடுப்பாகி நின்று பானையைத் தாங்கும்.

அதே ஊரின் எல்லையில், ஆற்றுக்குப் போகும் வழியிலோ சுடுகாட்டுப் பக்கத்திலோ, காவல் தெய்வமான சுடலைமாடனின் பீடம் நிற்கும். அதுவும் அடி அகன்று தலை குறுகியதுதான். மண்ணாலோ செங்கல்லாலோ எழுப்பிச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். கண், மூக்கு, கை, கால் எதுவும் கிடையாது. கொடை எனப்படும் கோயில் விழா நாளில் சந்தனம் சாத்தி, பட்டுக் கட்டி, பூச்சரம் சுற்றும்போதுதான் அதற்கு ஒரு மேனி வரும். கொடை முடிந்ததும் பழையபடி வெறும் தூணாகிவிடும். அடுப்பும் சாமியும் ஒரே வடிவத்தில் இருப்பதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. ஈரமண்ணைச் செங்குத்தாக உயர்த்தினால் சரியும். அடியில் பரந்து மேலே ஒடுங்கினால் தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்கும். உள்ளே கம்பியும் மரமும் இல்லாமல் கைமண் எழுந்து நிற்கும் வடிவம் இது. இந்த வட்டாரத்தின் சிற்பக்கலை பற்றி எழுதுவோர் கிருஷ்ணாபுரத்து யாளியிலும் நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூணிலும் தொடங்குவது வழக்கம். எனக்குப் பொங்கக்கட்டியில் தொடங்குவதே நியாயமாகப் படுகிறது.

நெல்லைக்கு நாட்டார் வழக்காற்று ஆய்வில் பெரிய மரபு உண்டு. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980) நெல்லை ஆய்வுக் குழுவைக் கட்டி, 1969-இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் தே. லூர்து முதலானோரின் உழைப்பால் நாட்டார் வழக்காற்றியல் தனித்துறையாகவே வளர்ந்தது. தொ. பரமசிவன் அன்றாடச் சடங்குகளுக்குள் வரலாற்றைப் படித்துக் காட்டினார். இவர்கள் சேர்த்துவைத்த செல்வம் பெரிது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகள் கதை பற்றியவை, சாதி பற்றியவை, சடங்கின் சமூகப் பொருள் பற்றியவை. பீடத்தின் உயரம் என்ன, எந்த மண், எத்தனை நாள் ஊறல், எந்தத் திசை வெளிச்சம் என்ற கேள்விகள் கலை விமர்சகனுக்கு உரியவை. அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை.

மேலை நாட்டில் ‘நிலக்கலை’ என்றொரு இயக்கம் பெயர் பெற்றது 1960-களின் இறுதியில். 1968-இல் நியூயார்க்கின் ட்வான் காட்சிக்கூடத்தில் ‘மண்வேலைகள்’ என்ற கண்காட்சி நடந்தது. 1970-இல் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சன், யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் கரும்பாறைகளையும் மண்ணையும் கொட்டி 1,500 அடி நீளத்துக்கு ஒரு சுருளை அமைத்தார். ஏரி மட்டம் ஏறியதும் சில ஆண்டுகளிலேயே அது மூழ்கி, சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து உப்புப் படிந்த உடம்போடு வெளியே வந்தது. விற்கவும் வாங்கவும் முடியாத கலை வேண்டும் என்பது அவர்களுடைய வேட்கை. அந்த வேட்கையை நான் மதிக்கிறேன். ஆனால் பாலைவனத்தில் தோண்டியவர் பெயரும் நிழற்படமும் காட்சிக்கூடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தன.

இங்கே இன்னொரு நிகழ்வையும் நினைக்க வேண்டும். 1989-இல் பாரிஸில் நடந்த ‘பூமியின் மந்திரவாதிகள்’ கண்காட்சியில் ஆங்கிலேயக் கலைஞர் ரிச்சர்ட் லாங் சுவரில் சேற்றால் ஒரு பெரிய வட்டம் தீட்டினார். அதன் முன்னால், தரையில், ஆஸ்திரேலியாவின் யுவெண்டுமு ஊர்ப் பழங்குடியினர் வரைந்த மண்ணோவியம் கிடந்தது. சுவரில் ஒரு தனிமனிதர், தரையில் ஒரு சமூகம். அந்த அடுக்குமுறை பற்றிப் பிறகு நிறைய வாதம் நடந்தது. சுடலை பீடத்தை நிலக்கலை என்று சொல்லப்போகும் எவருக்கும் இந்த எச்சரிக்கை வேண்டும். பீடத்தை வழிபடுகிறவருக்கு அது கலைப்பொருள் இல்லை, சாமி. அதை மறந்துவிட்டு வடிவத்தை மட்டும் மெச்சினால் பாதி உண்மைதான் நம் கைக்கு வரும்.

மீதிப் பாதி பிடிமண்ணில் இருக்கிறது. சுடலை கோயில் புதிதாக எழும்பும்போது மூலக்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் அங்கே வைத்துப் பீடம் கட்டுவது நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் பரவலான வழக்கம். சிற்றாறு, பொருநையாகிய தாமிரபரணியோடு சேரும் சீவலப்பேரி அப்படியொரு மூலத்தலம். பிழைப்புக்காக ஊர் விட்டவர்கள், மணமாகிப் போனவர்கள், பங்காளிச் சண்டையில் பிரிந்தவர்கள் என்று எல்லோரோடும் சாமி இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. சிலையை யாரும் பெயர்த்துக்கொண்டு போவதில்லை. உருவம் போன இடத்தில் போன இடத்து மண்ணால் எழும்பும். இடம் மட்டும் ஒரு பிடி அளவில் கூடவே போகும். ஒரு நிலத்தின் மண்ணை இன்னொரு நிலத்தில் வைப்பதன் பொருள் என்ன என்ற கேள்வியை ஸ்மித்சனும் கேட்டார். வெளிநிலத்துக் கற்களையும் மண்ணையும் பெட்டிகளில் இட்டுக் காட்சிக்கூடத்தில் வைத்தார். அவர் கேள்வியாக வைத்த ஒன்று இங்கே குடும்பங்களின் வாழ்க்கை வரலாறாகவே நடந்துகொண்டிருக்கிறது. எந்தக் கோயிலிலிருந்து எந்தக் கோயிலுக்குப் பிடிமண் போனது என்று ஒரு வரைபடம் போட்டால், இந்த மாவட்டங்களின் இடப்பெயர்வு வரலாறே அதில் தெரியும்.

இந்தப் பள்ளத்தாக்கின் மண்வேலைகளில் எனக்கு மிக நெருக்கமானது சிறுவீடு. மார்கழி முழுக்க விடியற்காலையில் கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையார் பிடித்து, அதில் பூசணிப்பூவோ செம்பருத்தியோ செருகுவார்கள். வெயில் ஏறியதும் அந்தச் சாணத்தையும் பூவையும் சேர்த்து எருவாட்டி தட்டிக் காயவைப்பார்கள். பூ எருவாட்டி நாளுக்கு நாள் அடுக்கில் ஏறும். தைப்பொங்கல் கழிந்து, தை மாதத்து நல்ல நாளொன்றில், வீட்டு வாசலில் பெண் குழந்தைகளுக்காக மண்ணால் ஒரு சின்ன வீடு எழும்பும். சுவர் முழங்காலுக்குக் கீழேதான். ஆனால் அடுப்பங்கரை உண்டு, உள் அறை உண்டு, வாசல்படி உண்டு. சாணி மெழுகிச் சுண்ணாம்பு அடித்துக் கோலம் போடுவார்கள். அந்த வீட்டில் சின்னப் பானையில் பிள்ளைகளே பொங்கலிடுவார்கள். பிறகு எருவாட்டிகளையும் படைத்த பொங்கலையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ போய், கும்மியடித்து, தண்ணீரில் விடுவார்கள்.

இதில் எத்தனை வேலை ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு மாதத்துக் காலை நேரம் முழுவதும் எருவாட்டியாகத் திரண்டு கெட்டிப்படுகிறது. ஒவ்வொரு எருவாட்டியும் ஒரு நாள். அதற்குள் அந்த நாளின் பூ இருக்கிறது. கட்டடக்கலையின் முதல் பாடம் ஒரு சிறுமிக்கு அவள் உடம்பின் அளவிலேயே கிடைக்கிறது. வீட்டின் எந்த மூலையில் அடுப்பு வரும், நிலை எந்தப் பக்கம் பார்க்கும் என்று அவள் முடிவு செய்கிறாள். கடைசியில் எல்லாம் தண்ணீருக்குப் போகின்றன. பிரிட்டிஷ் கலைஞர் ஆண்டி கோல்ட்ஸ்வர்தி ஆற்றங்கரையில் இலைகளைக் கோத்து நீரோட்டத்தில் விட்டதைப் பதிவு செய்த ‘ஆறுகளும் அலைகளும்’ ஆவணப்படம் (2001) உலகெங்கும் போற்றப்பட்டது. போற்றத்தக்க படம்தான். சிறுவீட்டை அந்தப் பொறுமையோடு யாராவது ஒரு மாதம் உட்கார்ந்து படம் பிடித்திருக்கிறார்களா? இப்போது பல வீடுகளில் சுவர் எழுப்புவதில்லை. சிமென்ட் தளத்தில் கோலமாவால் வீட்டை வரைந்துவிடுகிறார்கள். மூன்று பரிமாணம் இரண்டாகிவிட்டது. இந்தச் சுருக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. வரையவாவது செய்கிறார்களே என்ற ஆறுதலும் உண்டு.

கரைவதற்கென்றே செய்வது இந்த ஒன்றோடு முடிவதில்லை. அம்மன் கொடைக்கு இருட்டறையில் வளர்த்த முளைப்பாரி தலைச்சுமையாக வந்து ஆற்றில் கலக்கும். கார்த்திகையில் பனந்தண்டை நட்டு ஓலை கட்டிச் சொக்கப்பனை கொளுத்துவார்கள். சில நிமிடங்களுக்கு மட்டுமே நிற்கிற நெருப்புச் சிற்பம் அது. வட மாவட்டங்களின் பாரதக்கூத்தில் பதினெட்டாம் போருக்குக் களத்தில் மல்லாந்து கிடக்கிற துரியோதனனின் மண்ணுடல் இதன் பெருவடிவம். கூத்து முடியும் நாளிலேயே அது உடைபடும். கியூபாவில் பிறந்த அனா மெண்டியெட்டா 1970-களில் தன் உடம்பின் வடிவைச் சேற்றிலும் புல்லிலும் பதித்த தொடரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படுகளம் நினைவுக்கு வரும்.

கல்லுக்கு வருவோம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியானது பிரிட்டிஷ் காலத்தது, மற்றவை அதற்கும் மூத்தவை. பழைய அணைகள் ஆற்றை நேராக மறிப்பதில்லை. ஆற்றுக்குள் இயல்பாகக் கிடக்கும் பாறைகளைத் துணைகொண்டு, சாய்வாகவும் வளைவாகவும் கல்லை அடுக்கிப் போயிருக்கிறார்கள். வெள்ளம் மோதாமல் வழுக்கிப் போக வேண்டும், தண்ணீர் கால்வாய்த் தலைப்புக்கு ஒதுங்க வேண்டும் என்பதே கணக்கு. யூட்டாவின் சுருளுக்கு அருகில் வைத்து மருதூர் அணையின் வளைவைப் பார்க்கலாம். இந்த வளைவுக்கு வேலை இருக்கிறது, அதற்கு இல்லை. வேலை இருப்பதால் அழகு குறைந்துவிடாது.

திருநெல்வேலி நகருக்குள் ஆற்றின் நடுவிலேயே இருக்கிறது குறுக்குத்துறை முருகன் கோயில். நீர் வரும் திசைச் சுவர் படகின் முனைபோலக் கூராக அமைந்து வெள்ளத்தைப் பிளக்கிறது. பெருவெள்ளம் வந்தால் உற்சவமூர்த்திகளைக் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கட்டடம் மூழ்கி எழும். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் அப்படித்தான் மூழ்கியது. மூழ்கும் என்று தெரிந்தே, அதற்கென்று வடித்த கட்டடம் அது. திருச்செந்தூர் மூலவரை இங்கிருந்த பாறையில்தான் வடித்தார்கள் என்பது ஊர் வழக்கு.

கழுகுமலை ஆற்றுப்படுகைக்கு வடக்கே தள்ளி இருக்கிறது. பழைய திருநெல்வேலி மாவட்டம் என்ற முறையில் அதையும் சேர்க்கிறேன். அங்குள்ள வெட்டுவான் கோயில் பாண்டியர் காலத்து ஒற்றைக்கல் தளி. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து விமானத்தை விடுவித்திருக்கிறார்கள். அடிப்பகுதி முடியாமலே நிற்கிறது. 1969-இல் அமெரிக்க நிலக்கலைஞர் மைக்கேல் ஹெய்சர் நெவாடா பாலைவனத்து மேட்டில் இரண்டு பெரும் பள்ளங்களை வெட்டி, எடுத்ததன் வெறுமையையே சிற்பம் என்றார். கழுகுமலையில் எல்லோரும் விமானத்தைப் படம் பிடிக்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள அகழியை, வெட்டியெடுத்த வெற்றிடத்தை நின்று பார்க்க வேண்டும். உளித்தழும்போடு கூடிய அந்தச் சுவர்களும் சிற்பத்தின் பகுதிதான்.

பழைய ஈமக்காடான ஆதிச்சநல்லூரைத் தொல்லியலாரிடமே விட்டுவிட்டோம். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ, 2004–05-இல் தி. சத்தியமூர்த்தி என்று அகழாய்வுகள் நடந்தன. பொன் நெற்றிப்பட்டமும் வெண்கலப் பொருள்களும் புகழ்பெற்றன. எனக்கு முக்கியமாகப் படுவது இடத்தேர்வு. ஆற்றின் தென்கரையில் நூறு ஏக்கருக்கு மேல் விரிந்த, விளைச்சலுக்கு உதவாத சரளைப் பரம்பு அது. அந்தக் கெட்டி நிலத்தில் குழி வெட்டித் தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். ஆற்றுப்படுகையின் களிமண்ணைக் கருப்பை வடிவில் வனைந்து, சுட்டு, உடலோடும் எலும்போடும் நெல்லோடும் மீண்டும் நிலத்துக்கே கொடுத்திருக்கிறார்கள். 2004–05-இல் கிடைத்த ஓர் ஓட்டுச் சில்லில் ஒரு பெண், கதிர், கொக்கு, மான், முதலை ஆகியவை மண்ணை ஒட்டிப் புடைப்பாகச் செய்யப்பட்டிருக்கின்றன. தாமிரபரணிக்கரையின் நிலக்காட்சி சிற்பமாகிய மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது. 2023 ஆகஸ்டில் அகழ்ந்த இடத்திலேயே கண்ணாடிக்குக் கீழே தாழிகளைக் காணும் ஏற்பாடு வந்தது. பெட்டிக்குள் பூட்டுவதைவிட இது மிகவும் மேலானது.

இன்றைய கலைஞர்களில் இயற்கைப் பொருளைத் தீவிரமாக எடுத்துக்கொண்டோர் தமிழ்நாட்டில் குறைவு. திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்சியாள் சாம்பிராணி, இலவங்கம், பட்டை முதலியவற்றால் உருவங்கள் வார்க்கிறார். 2014 கொச்சி பினாலேயில் அவருடைய கூடம் முழுக்க மணத்தது. மகரந்தத்தையும் பாலையும் அரிசியையும் கொண்டு வேலை செய்யும் ஜெர்மானியரான வோல்ஃப்காங் லைபுக்கு மதுரைப் பக்கத்துக் கிராமத்தோடு இளமை முதல் தொடர்பு உண்டு. பொருநைக்கரைக்கென்று அப்படி ஒரு பெயர் எழவில்லை. பயிற்சிப் பட்டறைகளில் கூழாங்கல்லை வட்டமாக அடுக்கிப் படமெடுப்பது மட்டும் போதாது. மண்பாண்டம் வனையும் காருகுறிச்சி வேளாரிடம் ஒரு பருவம் மண் மிதித்துவிட்டு வருகிறவரிடமிருந்துதான் நான் எதையாவது எதிர்பார்ப்பேன்.

அந்த மண்ணே இப்போது சிக்கலில் இருக்கிறது. குளத்து வண்டல் எடுக்க அனுமதிக்காக அலைந்த காலம் நீண்டது. 2024-இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும்படி விதி எளிதானது. மணலுக்காக மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு தாமே வாதாடி, 2010-இல் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வாங்கினார். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. பத்தமடைப் பாய்க்குக் கோரை ஆற்றோரம் விளைய வேண்டும், ஓடும் தண்ணீரில் ஊற வேண்டும். ஆறு சாக்கடை கலந்து ஓடினால் புவிசார் குறியீடு மட்டும் பாயைக் காப்பாற்றாது. பீடங்களோ வேகமாகச் சிமென்டுக்கும் பளபளக்கும் ஓட்டுக்கும் மாறிக்கொண்டிருக்கின்றன. வசதி வந்த குடும்பம் தன் சாமிக்கு நல்லதைச் செய்ய நினைக்கிறது. அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் மாறுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அடியகலம், உயரம், சாய்வு, சுண்ணாம்பின் கலவை, பிடிமண் வந்த ஊர். பொங்கக்கட்டிக்கு எந்தக் குளத்து மண், எத்தனை பங்கு மணல், சிறுவீட்டில் அடுப்பு எந்த மூலை என்பதையெல்லாம் கேட்டு எழுத வேண்டும். இவற்றைக் கையளவாகவே அறிந்த பெண்கள் இன்னும் ஊர்தோறும் இருக்கிறார்கள். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். வருகிற மார்கழிக்கு முன்பே அவர்கள் வீட்டு வாசலுக்குப் போயாக வேண்டும்.