மன அழுத்த ஹார்மோன்: குற்றச்சாட்டு எதுவரை நிற்கும்?

"எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்கினா, அதான் இந்த நோய் வந்துடுச்சு." புற்றுநோய் வந்த வீட்டில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிடுகிறார். மன அழுத்த ஹார்மோன்கள் கட்டியை வளர்க்கின்றன என்ற ஆய்வுச் செய்திகள் வரத் தொடங்கியபின், இந்தப் பேச்சுக்கு அறிவியல் முத்திரையும் கிடைத்துவிட்டது. அது செல்லுபடியாகுமா?

ஆய்வுக்கூடச் சான்று வலுவானதுதான். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் அனில் சூட் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சினைப்பைப் புற்றுசெல்கள் செலுத்தப்பட்ட எலிகளைத் தினமும் சில மணி நேரம் அசைய முடியாதபடி அடைத்துவைத்தார்கள். கட்டிகள் பெருத்தன, அவற்றில் புதிய ரத்த நாளங்கள் அடர்ந்தன. நார்அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் புற்றுசெல்லின் பீட்டா-2 ஏற்பியைத் தூண்ட, ரத்த நாளங்களை வளர்க்கும் விஇஜிஎஃப் புரதம் கூடுதலாகச் சுரந்திருந்தது. அந்த ஏற்பியை மறிக்கும் புரொப்ரனலால் மருந்தைக் கொடுத்ததும் விளைவு அடங்கியது. வழியைக் காட்டியதோடு அதை அடைத்தும் காட்டியதால்தான் இந்த ஆய்வை நான் மதிக்கிறேன்.

ஆனால் 2010இல் எரிகா ஸ்லோன் குழுவினர், அழுத்தத்துக்கு உள்ளாக்கிய மார்பகப் புற்றுள்ள எலிகளிடம் கண்டது வேறு. முதல் கட்டி பெரிதாக மாறவில்லை. மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதுதான் சுமார் 30 மடங்கு கூடியது. வளர்ச்சியும் பரவலும் ஒன்றல்ல. செய்திகள் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகின்றன.

மற்றோர் அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் கதை இன்னும் சிக்கலானது. அந்த வகை ஹார்மோன்கள் எலிகளில் மார்பகப் புற்றின் பரவலைத் தூண்டுவதாக 2019இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே குடும்பத்து மருந்துகளான டெக்ஸாமெத்தசோனும் பிரெட்னிசலோனும் சிலவகை ரத்தப் புற்றுசெல்களைக் கொல்கின்றன; மருத்துவர்கள் அவற்றை அதற்காகவே கொடுக்கிறார்கள். எந்தச் செல், எந்த ஏற்பி என்று கேட்காமல் ஹார்மோனுக்குத் தண்டனை எழுத முடியாது.

மேலே சொன்ன எலிகளுக்குப் புற்றுசெல்களை ஆய்வாளர்களே செலுத்தியிருந்தார்கள். அழுத்தம் புற்றைத் தோற்றுவிக்கிறதா என்று அந்தச் சோதனைகள் கேட்கவே இல்லை. அதை மனிதர்களிடம்தான் பார்க்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் சுமார் 1,16,000 பேரின் தரவுகளைத் திரட்டி 2013இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வு, வேலை அழுத்தத்துக்கும் பெருங்குடல், நுரையீரல், மார்பகம், புராஸ்டேட் புற்றுகளுக்கும் தொடர்பு இல்லை என்றது. வேலை அழுத்தம் மட்டுமே வாழ்க்கையின் அழுத்தம் ஆகாது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனாலும், வலுவான தொடர்பு இருந்திருந்தால் இவ்வளவு பேரிடம் அதன் சாயலாவது தெரிந்திருக்கும்.

என் தீர்ப்பு இது: இருக்கும் கட்டி பரவுவதற்கு அழுத்த ஹார்மோன்கள் துணைபோகும் என்பது எலிகளில் நிறுவப்பட்டது, மனிதர்களில் நம்பத் தகுந்த கருதுகோள். அறுவைச் சிகிச்சையை ஒட்டி புரொப்ரனலால் கொடுத்த சிறு சோதனைகளில் பரவலோடு தொடர்புள்ள மரபணுக் குறிகள் குறைந்தன. ஆயுள் நீள்கிறதா என்று சொல்லும் அளவுக்கு அவை பெரியவை அல்ல. கவலைதான் புற்றைக் கொண்டுவந்தது என்ற குற்றச்சாட்டை மட்டும் தள்ளுபடி செய்ய வேண்டும். நோயோடு போராடும் பெண்ணிடம் அதைச் சொல்வது அநியாயம்.

அப்படியென்றால் நோயாளியின் மன அழுத்தத்தைக் குறைக்கும் ஆற்றுப்படுத்தல் வீணா? பரவிய மார்பகப் புற்றுள்ள பெண்களுக்குக் குழு உரையாடல் ஆயுளை நீட்டியதாக 1989இல் டேவிட் ஸ்பீகல் எழுதினார். பமீலா குட்வின் குழுவினர் 2001இல் அதையே 235 பெண்களிடம் சோதித்தபோது ஆயுள் நீளவில்லை. ஆனால் மனத்துயர் குறைந்தது, வலியும் தணிந்தது. ஆற்றுப்படுத்துநரை வார்டுக்கு அழைத்துவர இந்த ஒரு காரணமே போதும்.