திரைவானமும் அஸ்ஸூஃபியின் கண்ணும்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி (கி.பி. 903–986), விண்மீன் வல்லுநர் எனப் பெயர்பெற்ற பலரிடம் ஒரு குறை கண்டார். சிலர் வான்கோளங்களையும் ஏடுகளையும் மட்டுமே நம்பி, முன்னோர் எழுதிய அளவுகளைப் பிழையோடு படியெடுத்தனர். வேறு சிலர் பண்டை அரபியரின் விண்மீன் வழக்குகளைத் திரட்டினர். ஆனால் அம்மீன்களை வானில் இனங்காண அறியவில்லை. இக்குறை நீங்க, 964ஆம் ஆண்டளவில் அவர் இயற்றியதே ‘ஸுவருல் கவாகிப்’ என்னும் விண்மீன் உருவ நூல். தாலமி வகுத்த 48 விண்மீன் குழுக்களையும் அவர் தம் கண்ணால் ஆராய்ந்து, ஒவ்வொன்றையும் இருமுறை வரைந்தார்: கோளத்தின்மீது தோன்றும் வடிவம் ஒன்று, வானில் தோன்றும் வடிவம் மற்றொன்று. கோளத்தை நாம் வெளியிலிருந்து பார்ப்பதால் அதில் இடம் வலமாகிவிடும் என்பதே காரணம்.

இன்று அக்கோளத்தின் இடத்தைக் கணினி மென்பொருள்கள் பிடித்துள்ளன. 2000ஆம் ஆண்டில் ஃபாபியன் ஷெரோ தொடங்கிய ‘ஸ்டெல்லேரியம்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. எவரும் விலையின்றிப் பெறலாம். ஊரையும் நேரத்தையும் குறித்தால் அவ்விடத்து வானம் விரிகிறது. அஸ்ஸூஃபியின் உருவங்களையே திரையில் வரவழைக்கவும் அதில் வழியுண்டு. பார்ப்பவரை வானின் உள்ளே நிறுத்துவதால், கோளத்தின் இடவலக் குறை இங்கே தீர்ந்தது. இது மெய்யான முன்னேற்றம்.

ஆயினும் அஸ்ஸூஃபி சுட்டிய மற்றைக் குறை தீரவில்லை, வளர்ந்திருக்கிறது. ‘பனாத்து நஃஷ்’ என்னும் எழுமீன் திரையில் விரலளவே. வானிலோ அது ஏறத்தாழ 25 பாகை. கையை நீட்டிப் பிடித்த முட்டியால் அளந்தால் இரண்டரை முட்டி. திரையில் பழகிய கண் வானில் சிறியதொன்றைத் தேடி ஏமாறுகிறது. கோடுகளும் பெயர்களும் இட்ட ஆறு இலட்சம் மீன்களைக் கண்டவர், நகரத்து வானில் தென்படும் சிலவற்றிடையே திகைக்கிறார். ஒளிமாசுக்கேற்ப மீன்களைக் குறைக்கும் வசதியும் கோடுகளை நீக்கும் வசதியும் மென்பொருளிலேயே உள்ளன; அவற்றைப் பயன்படுத்தாதது நம் குற்றம்.

காலத்தைப் பற்றியது இதனினும் நுட்பமானது. ‘அத்தபரான்’ என்றால் பின்தொடர்வது. துரையா எனும் கார்த்திகைக் கூட்டம் உதித்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே அது உதிக்கும். நாம் அதனை ரோகிணி என்போம். நவம்பரில் இஷாத் தொழுகைக்குப் பின் கிழக்கே நோக்குவோர் இத்தொடர்ச்சியைக் காணலாம். மென்பொருளோ அந்த ஒரு மணி நேரத்தைச் சில நொடிகளில் ஓட்டிவிடுகிறது. பெயர் நினைவில் நிற்கும். பெயர் பிறந்த காத்திருப்பு நிற்காது.

உலகம் வழங்கும் விண்மீன் பெயர்களுள் பல அரபு மொழியின என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அவற்றுள் ஐந்தையேனும் வானில் சுட்டிக்காட்ட வல்லார் நம்மில் எத்தனை பேர்? விண்மீன்களைக் கொண்டு இருளில் வழியறிவதை இறைமறை அருட்கொடையாக நினைவூட்டுகிறது. பார்க்காத கண்ணுக்கு வழிகாட்டல் ஏது?

எனவே மென்பொருளைத் தள்ள வேண்டியதில்லை. அதன் இடத்தை அறிந்து வைக்க வேண்டும். மாலையில் திரையில் ஒரு குழுவை மட்டும் பயின்று, கணினியை மூடி, மொட்டைமாடியில் அரைமணி நேரம் கண்ணை இருளுக்குப் பழக்குக. முதலில் வானம்; ஐயம் எழுந்தால் மட்டுமே திரை. அஸ்ஸூஃபி தம் காலத்தவரிடம் எதிர்பார்த்த ஒழுங்கும் இதுவே.